ஆயில் சீல் மேல பழி போடுறதுக்கு முன்னாடி

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோட்ல கம்ப்யூட்டர் கிடையாது, லாரிதான். பின் ஆக்சில், ஹப், ஆயில் சீல். "சாஃப்ட்வேர்காரனுக்கு எதுக்குடா இது"ன்னு நீங்க கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், நான் படிச்சது மெக்கானிக்கல். நம்ம பக்கத்துல மெக்கானிக்கல் முடிச்ச பாதிப் பேர் மாதிரி நானும் அந்த டிகிரியை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு ஐடிக்குப் போயிட்டேன். இப்போ சென்னை கம்பெனி வேலையை குருவிகுளத்துல வீட்டு மாடியில இருந்து பார்க்கிறேன்.

ஊர் தெரியாதவங்களுக்கு: குருவிகுளம் கழுகுமலைக்குப் பக்கம். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவுல, கரிசல் காடு. எங்க பெரியப்பாகிட்ட ஒரு ஆறு சக்கர லாரி இருக்கு. அவரே ஓனர், அவரே டிரைவர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல காய்கறி ஏத்தி, தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியா கேரளாவுல இறக்குவார். சீசன்ல புளியங்குடி எலுமிச்சையும் உண்டு. வண்டி எட்டு வருஷம் தாண்டினது, அதனால வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். இந்த எஃப்.சி. விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையில திரும்ப வரும்.

ஒரு நாள் காலையில பெரியப்பா கூப்பிட்டுக் காட்டினார். இடது பின் சக்கரத்துல, உள் டயரோட உள்பக்கச் சுவர்ல, கறுப்பா விசிறி விரிச்ச மாதிரி ஒரு கறை. சக்கரம் சுத்துறப்ப உள்ள இருந்து எண்ணெய் வீசியடிச்சா அந்த மாதிரிதான் கோடு விழும். பிரேக் டிரம் ஓரத்துல கொழகொழன்னு ஈரம். "ஹப் சீல் போயிடுச்சு"ன்னார். எங்க மெக்கானிக் அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார். கழட்டி, புது சீல் போட்டு, கிரீஸ் அடிச்சு மாட்டினார். சீல் விலை சில நூறு ரூபாதான்.

பத்து நாள்ல திரும்ப ஒழுக ஆரம்பிச்சுது. "டூப்ளிகேட் சீல்"னு பெரியப்பா கத்தினார். அண்ணாச்சி ரெண்டாவது சீல் போட்டார். அதுவும் ஒழுகிச்சு. இந்த இடத்துலதான் நான் உள்ள நுழைஞ்சேன். ஆன்லைன்ல தேடி, விமர்சனம் எல்லாம் படிச்சு, விலை கூடின ஒரு சீலை வரவழைச்சுக் கொடுத்தேன். "பெரியப்பா, பிரச்சினை பார்ட்டோட தரம்தான், இதைப் போடுங்க"ன்னு ரொம்ப தெளிவாச் சொன்னேன். மூணாவதா அதைப் போட்டாங்க. இடது பக்கம் கொஞ்ச நாள் நின்னுச்சு, ஆனா வலது பக்கம் ஒழுக ஆரம்பிச்சுது.

பெரியப்பாவுக்கு அண்ணாச்சி மேல சந்தேகம் உறுதியாயிடுச்சு. "வேணும்னே ஏதோ பண்றாரு, வண்டி திரும்பத் திரும்பத் தன் பட்டறைக்கே வரணும்னு"ன்னு வாய் விட்டுட்டார். அதுவும் டீக்கடையில, நாலு பேர் முன்னாடி. இருபது வருஷப் பழக்கம் அது. அண்ணாச்சி ஒண்ணும் பேசலை, டீ கிளாஸை வெச்சுட்டு எழுந்து போயிட்டார். பெரியப்பா வெளியூர்ல வேற ஒரு பட்டறையில வண்டியை விட்டார். அங்க என்ன செஞ்சாங்கன்னா, ரெண்டு பக்கமும் சீல் மாத்தி, எண்ணெய் ஊறின பிரேக் லைனிங்கைப் பெட்ரோல்ல கழுவித் திரும்ப மாட்டி அனுப்பிட்டாங்க.

அடுத்த வாரம் லோடோட போறார். புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு தாண்டி, தென்மலை நோக்கி இறக்கம். நல்ல சாரல். பிரேக் மிதிச்சா வண்டி வலது பக்கம் இழுக்குது. நம்ம ஊர்ல வலது பக்கம்னா எதிர்ல வர்ற வண்டியோட பக்கம். கண்ணாடியில பார்த்தா இடது பின் சக்கரத்துல புகை, எண்ணெய் கருகுற நாத்தம். நல்லவேளை, அவர் பழைய டிரைவர். பிரேக்கை விட்டுவிட்டு மிதிச்சு, கியரைக் குறைச்சு, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, மேட்டு ஓரமா ஒரு அகலமான இடத்துல கொண்டு நிறுத்திட்டார். கிளீனர் பையன் கட்டை வெச்சான். அன்னிக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணப்ப அவர் குரல்ல கோபம் இல்லை. "லேய், கை நடுங்குதுடா"ன்னு மட்டும் சொன்னார்.

ஏன் இழுத்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். பிரேக் லைனிங் எண்ணெயைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கும். பெட்ரோல்ல கழுவினா மேல் எண்ணெய்தான் போகும், உள்ள ஊறினது அப்படியே இருக்கும். டிரம் சூடாகறப்ப அது மேல கசிஞ்சு வரும். அந்தச் சக்கரத்துல பிடிப்பு குறைஞ்சுடும், எதிர்ப்பக்கச் சக்கரம் மட்டும் ஒழுங்காப் பிடிக்கும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். அமெரிக்காவுல ரோட்டோரச் சோதனையில லைனிங்ல எண்ணெய் ஊறியிருந்தா அந்தப் பிரேக்கையே பழுதான பிரேக்குன்னு கணக்கு வெக்கிறாங்க. மொத்தப் பிரேக்ல 20 சதவீதம் பழுதுன்னு கணக்கு வந்தா வண்டி அங்கிருந்து நகரக்கூடாது. நம்ம ஆறு சக்கர லாரிக்கு நாலு பிரேக்தான். ஒண்ணு போனாலே 25 சதவீதம்.

மறுநாள் நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன்னு சொன்னா அது முழு உண்மை இல்லை. பயந்து போய், வேற ஆள் தெரியாம போனேன். அவர் என்னை உட்கார வெச்சு, கேள்வி கேட்க ஆரம்பிச்சார். ஒரு சீனியர் இன்ஜினியர் நம்ம கோடைப் பார்த்துக் கேட்கிற மாதிரி.

"தம்பி, ஒழுகினது கிரீஸா, கிரவுன் ஆயிலா?"

எனக்குத் தெரியலை. அதுவரைக்கும் யாரும் மோந்துகூடப் பார்க்கலை. எங்க வண்டியில ஹப் பேரிங் ரெண்டும் கிரீஸ்ல ஓடுது. சில வண்டியில கிரவுன்ல இருந்து வர்ற ஆயிலே பேரிங்குக்கும் போகும். எங்களோடது மாதிரி கிரீஸ் ஹப்புல ரெண்டு தடுப்பு இருக்கு. வெளிப்பக்கம் இருக்கிற ஆயில் சீல், ஆக்சில் குழாய் வழியா வர்ற கிரவுன் ஆயில் ஹப்புக்குள்ள வராம தடுக்கும். உள்பக்கம், டிரம்முக்குப் பக்கத்துல இருக்கிற சீல், கிரீஸ் பிரேக்குக்குப் போகாம தடுக்கும். ஒழுகினது கெட்டியா, கிரீஸாவே இருந்தா உள்பக்க சீலையோ, கிரீஸ் அளவையோ பார்க்கலாம். தண்ணியா, கந்தக நாத்தத்தோட இருந்தா அது கிரவுன் ஆயில். கியர் ஆயில்ல அழுத்தம் தாங்கச் சேர்க்கிற கந்தகச் சேர்மானத்தோட வாசம் அது. ஒரு தடவை மோந்துட்டா மறக்காது. அது வந்துச்சுன்னா, முதல் தடுப்பைத் தாண்டி, கிரீஸைக் கரைச்சு, ரெண்டாவதையும் தாண்டி வந்திருக்குன்னு அர்த்தம். நாங்க மூணு தடவை மாத்தினது அந்த ரெண்டாவதை மட்டும்தான்.

"முதல்ல எந்தப் பக்கம்? அப்புறம் எந்தப் பக்கம்?"

இடது. இடது. அப்புறம் வலது.

"எஃப்.சி. எப்போ காட்டினீங்க?"

இந்தக் கேள்விக்கும் சீலுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியலை. முதல் கசிவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி எஃப்.சி. முடிஞ்சிருந்துச்சு. அவர் தலையாட்டினார். "வண்டியை எங்கிட்ட ஒரு நாள் முழுசா விடச் சொல்லுங்க. சாயங்காலம் கொண்டு வந்து ராத்திரி லோடுன்னா நான் என்னத்தைப் பார்ப்பேன்?"

பெரியப்பாவை அந்தப் பட்டறைக்கு மறுபடி கூட்டிட்டு வர்றது சீல் மாத்துறதை விடக் கஷ்டமா இருந்துச்சு. அதை விடுங்க.

வண்டி வந்ததும் அண்ணாச்சி சக்கரத்தைத் தொடவே இல்லை. அடியில படுத்து, கிரவுன் பெட்டிக்கு மேல ஆக்சில் கூட்டுல கையை விட்டுத் தடவி, "இங்க வாங்க தம்பி, பாருங்க"ன்னார். சுண்டுவிரல் நுனி அளவுல ஒரு சின்ன பித்தளைத் தொப்பி. பிரீதர். அது மேல கறுப்பு பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு. எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டுறதுக்கு முன்னாடி அடியெல்லாம் கழுவி கறுப்பு அடிப்பாங்க இல்லையா, அந்தப் பெயிண்ட். ஓட்டையை முழுசா அடைச்சிருந்துச்சு. அதுக்கு மேல நம்ம கரிசல் சேறு வேற காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு. அவர் ஸ்பேனரைப் போட்டு மெல்ல லூஸ் பண்ணினார். வண்டி அப்பத்தான் ஓடி வந்து நின்னிருந்ததால ஆக்சில் இன்னும் சூடா இருந்துச்சு. "உஸ்ஸ்"னு காத்து வந்துச்சு பாருங்க, எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

இப்ப என் டிகிரிக்கு ஒரு அஞ்சு நிமிஷ வேலை. ஆக்சில் கூடு மூடின பெட்டி. கீழ் பாதி ஆயில், மேல காத்து. காலையில 30 டிகிரியில வண்டி கிளம்புது. லோடோட மலை ஏறினா ஆயில் 90 டிகிரிக்குப் போகுதுன்னு வெச்சுக்குவோம். கெல்வின் கணக்குல 303, 363. காத்துக்கு வெளிய போக வழி இல்லைன்னா அழுத்தம் அதே விகிதத்துல ஏறும். 363ஐ 303ஆல வகுத்தா சுமார் 1.2. அதாவது வெளிக்காத்தை விட 20 சதவீதம் கூட. கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. லாரி டயர்ல 100க்கு மேல காத்து இருக்கறப்ப 3 எல்லாம் ஒரு அழுத்தமான்னு தோணும். ஆனா ஆயில் சீல் அழுத்தம் தாங்கச் செஞ்ச பொருளே இல்லை. அது ஒரு ரப்பர் உதடு, அதைச் சுத்தி ஒரு மெல்லிய ஸ்பிரிங். உதட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவுல ஒரு மைக்ரான் அளவுல எண்ணெய்ப் படலம் இருக்கும். நம்ம தலைமுடி தடிமன் எழுபது மைக்ரான் பக்கம். அந்தப் படலத்துல உதடு எண்ணெயை மெல்ல மெல்ல உள்பக்கமாவே திருப்பித் தள்ளிக்கிட்டு இருக்கும். ரெண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய சமமா இருக்கணும்ங்கறதுதான் அந்த வேலைக்கு அடிப்படை நிபந்தனை. அதுக்காகத்தான் பிரீதர் இருக்கு.

இதோட மறுபக்கமும் உண்டு. சூடான ஆக்சில் மேல மழைத் தண்ணி பட்டு சட்டுன்னு ஆறினா உள்ள அழுத்தம் குறையும். பிரீதர் அடைச்சிருந்தா, வெளிய இருக்கிற ஈரத்தை சீல் வழியாவே உள்ள இழுக்கும். அண்ணாச்சி கிரவுன் ஆயிலை வடிச்சப்ப அது பால் டீ கலர்ல இருந்துச்சு. தண்ணி கலந்த ஆயில். அந்தத் தடயம் ஒரு மாசமா உள்ளேயே இருந்திருக்கு, யாரும் மூடியைத் திறந்து பார்க்கலை.

அப்போ ஏன் முதல்ல இடது மட்டும்? நானும் கேட்டேன். அண்ணாச்சி ரெண்டு காரணம் சொன்னார். நம்ம வண்டி எப்பவும் ரோட்டோட இடது ஓரம் நிற்கும். ஓரம் சரிஞ்சுதான் இருக்கும். ராத்திரி முழுக்க நின்னா ஆயில் குழாய் வழியா இடது பக்கம் சேரும். அது ஒண்ணு. ரெண்டாவது காரணம் சொல்றப்ப கொஞ்சம் தயங்கினார். இடது பக்க சீல் உதடு ஓடுற காலரைக் காட்டினார். விரல் நகத்தை ஓட்டினா மாட்டுற மாதிரி ஒரு பள்ளம், பழைய சீல் வருஷக்கணக்கா ஓடி அரிச்சது. அது மேல குறுக்கும் நெடுக்கும் கீறல். "இது நான் பண்ணதுதான் தம்பி. சீல் மாத்துறப்ப எமரி தாள் போட்டுத் தேய்ச்சேன், வழவழன்னு ஆகட்டும்னு."

இது ரொம்ப முக்கியமான விஷயம், நிறையப் பட்டறையில நல்ல எண்ணத்தோட செய்யற தப்பு. சீல் ஓடுற பரப்பைத் தொழிற்சாலையில ஒரு பக்கமாவும் சாயாத மாதிரி, நேர் வட்டமா சாணை பிடிச்சிருப்பாங்க. நாம எமரியைச் சாய்வாத் தேய்ச்சா கண்ணுக்குத் தெரியாத திருகு மரை மாதிரி கோடு விழும். சக்கரம் சுத்தச் சுத்த அது ஆயிலை வெளிய பம்ப் பண்ணும். எங்க வண்டியில அந்தக் காலரைத் தனியாக் கழட்டி மாத்த முடியும், புதுசு போட்டார். காலர் இல்லாத ஆக்சிலா இருந்தா, மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஒண்ணை அந்த இடத்துல ஏத்தலாம்.

ஆக, நான் வாங்கிக் கொடுத்த நல்ல சீல் என்ன பண்ணுச்சுன்னா, இடது பக்க வழியை அடைச்சுது. உள்ள அழுத்தம் அப்படியே இருக்கு. அடுத்த பலவீனமான இடத்தைத் தேடி வலது பக்கம் போயிடுச்சு. எங்க வேலையில ஒரு சர்வர் மெமரி நிறைஞ்சு விழுந்துக்கிட்டே இருந்தா, ரீஸ்டார்ட் பண்ற ஸ்கிரிப்ட் எழுதி வெச்சுட்டு தூங்கப் போவோம். நான் லாரிக்கும் அதையேதான் செஞ்சிருக்கேன்.

ரெண்டு பக்கமும் ஒழுகினா ரெண்டுக்கும் பொதுவானதைப் பாருங்க. பிரீதர், அப்புறம் ஆயில் அளவு. ஆயிலை லெவல் பிளக் ஓட்டை விளிம்பு வரைக்கும்தான் ஊத்தணும், வண்டி சமதரையில நிற்கணும். மேட்டுல நிறுத்தி வழிய வழிய ஊத்தினா அதுவும் ஹப்புக்குத்தான் போகும். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒழுகினா அந்தச் சக்கரத்துலதான் காரணம். காலர் பள்ளம், சீல் கோணலா இறங்கினது, இல்லைன்னா பேரிங் ஆட்டம். சுத்தியலால ஒரு ஓரத்தைத் தட்டித் தட்டி இறக்கினா சீல் சாய்ஞ்சுதான் உட்காரும். அதுக்குச் சரியான அளவுல ஒரு வளையம் வெச்சு முழுச் சுத்தும் ஒண்ணா இறங்கணும்.

பேரிங் ஆட்டம் பத்தித் தனியாச் சொல்லணும். ஹப் ரெண்டு டேப்பர் ரோலர் பேரிங் மேல நிற்குது. லாக் நட்டை லூஸா விட்டா ஹப் ஆடும், உதடு ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் வாய் திறக்கும். இறுக்கி விட்டா பேரிங் சூடாகி, கிரீஸ் உருகி, ரப்பர் கருகி அதுவும் ஒழுகும். அமெரிக்க லாரிக்காரங்க பரிந்துரைக்கிற ஆட்டம் ஒரு இன்ச்சுல ஆயிரத்துல 1 பாகத்துல இருந்து 5 பாகம் வரைக்கும். நோட்டுத் தாள் ஒண்ணோட தடிமனே கிட்டத்தட்ட 4 பாகம் வரும். டயல் கேஜ் வெச்சுத்தான் அளக்க முடியும். நம்ம வண்டிக்கு நம்ம மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. அண்ணாச்சி கைப்பக்குவத்துல வெக்கிறவர். நான் ஒரு டயல் கேஜ் வாங்கிக் கொடுத்து அளந்து பார்த்தோம். வலது பக்கம் சரியா இருந்துச்சு. இடது பக்கம் கொஞ்சம் கூட. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரிக்கலை, சத்தியமா.

லோடும் ஒரு காரணம்தான். 2018 ஜூலையில மத்திய அரசு ஆக்சில் லோடைக் கூட்டுச்சு. நாலு டயர் இருக்கிற பின் ஆக்சிலுக்கு 10.2 டன்ல இருந்து 11.5 டன், ரெண்டு ஆக்சில் லாரிக்கு மொத்தம் 16.2ல இருந்து 18.5 டன். தாளில எழுதின எண் மாறின மாதிரி பழைய வண்டியோட பேரிங்கும் பிரேக்கும் ஒரே ராத்திரியில மாறிடாது. அதுக்கும் மேல ஏத்துறவங்க கதை நமக்குத் தெரியும், பெரியப்பா இதைக் கேட்பார், அதனால நிறுத்திக்கறேன்.

கடைசியா லைனிங். இங்கதான் பட்டறையில சண்டை. பெரியப்பா, இடது பக்கம் மட்டும் மாத்தினா போதும்னார். அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் மாத்தலைன்னா நான் வண்டியைத் தரமாட்டேன்னார். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா பிடிப்பு ஒண்ணா இருக்காது, திரும்பவும் இழுக்கும். சீலுக்குச் சில நூறு, லைனிங்குக்கு ஆயிரக்கணக்குல, அதுக்கு மேல மூணு நாள் வாடகை போச்சு, மாசத் தவணை வேற நிற்குது. பெரியப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் "போடுங்க அண்ணாச்சி"ன்னார். டீக்கடையில பேசினதுக்கு அவர் மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலை. டீ வாங்கிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். ரெண்டு டீ போதும்னார்.

நீங்களே இறங்கிப் பார்க்கறதா இருந்தா ஒண்ணு மட்டும்: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. முன் சக்கரத்துக்குக் கட்டை, ஆக்சிலுக்குக் கீழ கனமான ஸ்டாண்டு. டிரம் தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால துடைங்க.

இப்ப வண்டி ஓடுது. ரெண்டு பக்கமும் காய்ஞ்சே இருக்கு. பெரியப்பா தினமும் காலையில உள் டயரைக் கையால தடவி, விரலை மோந்து பார்க்கிறார். போன மாசம் அடுத்த எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்க வண்டியை விட்டப்ப, ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டி பிரீதர் மேல தொப்பி மாதிரி மாட்டி, நூல் கட்டியிருந்தார். பெயிண்ட் அடிக்கிற பையன், "இது என்ன அண்ணாச்சி, திருஷ்டியா?"ன்னு கேட்டிருக்கான். பெரியப்பா எனக்குப் போன் போட்டு, "லேய், நீயே இவனுக்குச் சொல்லு, அந்த 303, 363 கணக்கை"ன்னு போனை அவன்கிட்ட கொடுத்துட்டார். நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன்.